காலி உறையின் சொந்தக்காரர்

மூன்றாம் அத்தியாயம்

2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. காட்டூரில் ஒரு முதியவர் காணாமற்போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. அவர் எங்கே போனார் என்று கேட்காதவர் அந்தத் தெருவில் ஒருவருமில்லை. ஏன் போனார் என்று கேட்டவரும் ஒருவருமில்லை. குறை இதுதான். மனுவை வாங்கிக்கொண்ட காவலர் முதல், வாசலில் கோலம் போட்டபடியே விசாரித்த எதிர்வீட்டு அம்மாள் வரை, எல்லாரும் 'எங்கே' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். காணாமற்போனது குடையாக இருந்தால் அந்தக் கேள்வி போதும். ஒரு மனிதர் தாமாகவே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போயிருக்கிறார் என்றால், முதலில் கேட்கவேண்டியது வேறு.

அந்த வேறு கேள்வியோடுதான் துப்பறிவாளர் ஆனந்தவள்ளி அன்று காலை காட்டூர் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் முடி நரைத்தவர். இப்போது மேலப்புதூரில் ஒரு மாடியறையில் சொந்த அலுவலகம். உடன் வந்த உதவியாளன் டோனி நாற்பதைத் தொட்டவன். கல்யாண பேண்ட் குழுவில் டிரம்ஸ் அடித்தவன். மணமகனின் தாய்மாமனைக் கேலி செய்து அந்த வேலையை இழந்தான். வேலைதான் போயிற்று, கேலி போகவில்லை.

காணாமற்போனவர் பெயர் தைரியராஜ். பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் மாதாகோயில் வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதியவர். போன மாதம் மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவருடைய ஒரே மகள், வங்கியில் வேலை பார்க்கும் ஜெஸ்லின், மாத்திரை அட்டையை உள்ளங்கையில் வைத்து நசுக்கிக்கொண்டே பேசினாள்.

"ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு டாக்டர் அவ்வளவு சொன்னாரு மேடம். விட்டா உள்ள மறுபடியும் ரத்தம் கட்டிக்குமாம். அத்தனையும் இங்கயே இருக்கு, பாருங்க. ஒண்ணு கூட எடுத்துட்டுப் போகல."

ஆனந்தவள்ளி அறையைப் பார்த்தார். தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய புதுக் கட்டில் ஒன்று சுவரை ஒட்டிக் கிடந்தது. அந்தச் சுவரில், கட்டிலுக்கு மேலே, மற்ற இடத்தைவிட வெளுப்பாக ஒரு பெரிய நீள்சதுரம் தெரிந்தது. நெடுங்காலம் ஏதோ ஒன்று அந்தச் சுவரை மறைத்து நின்றிருக்கிறது.

"இங்க என்ன இருந்துது?"

"அப்பாவோட அலமாரி. எல்லாம் சிடி, கொஞ்சம் புக். ஜாஸ் மியூசிக். அமெரிக்காக்காரங்க வாசிக்கிறது. ஒரு தடவை வாசிச்ச மாதிரி மறுதடவை வாசிக்க மாட்டாங்களாம். அதுதான் அதுல அழகுன்னு சொல்லுவாரு."

"எங்க பேண்ட்லயும் அப்படித்தாங்க," என்றான் டோனி. "ஆனா அதுக்கு எங்களத் திட்டுவாங்க."

ஜெஸ்லின் சிரிக்கவில்லை. "ஒண்ணையும் முழு விலைக்கு வாங்கினதில்ல மேடம். எங்க தள்ளுபடி போட்டாலும் போய் நிப்பாரு. பழைய கடை, கண்காட்சி, ஆடி சேல்னு அலைஞ்சு அலைஞ்சு சேர்த்தது."

"இப்ப எங்க?"

"திருட்டுப் போயிடுச்சு. அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ வீடு பூட்டிக் கிடந்துது. அப்ப எவனோ புகுந்துட்டான்."

கூடத்தில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. சமையலறை வாசலில் எரிவாயு உருளை நின்றது. டோனி இரண்டையும் மரியாதையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரசனையுள்ள திருடன் மேடம். டிவியத் தள்ளி வச்சுட்டு ஜாஸ எடுத்திருக்கான். பிடிச்சா விலங்கு போடறதுக்கு முன்னால கை குலுக்கணும்" என்றான்.

"அப்பா வீட்டுக்கு வந்து பார்த்ததும் என்ன சொன்னார்?" ஆனந்தவள்ளி கேட்டார்.

"ஒண்ணுமே சொல்லல. ராத்திரில எழுந்து எழுந்து போயி, கதவு பூட்டியிருக்கான்னு இழுத்து இழுத்துப் பார்ப்பாரு. அவ்வளவுதான்."

"அவரோட சிடின்னு எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? பேர் எழுதியிருக்காரா?"

"பேரெல்லாம் இல்ல. ஒரு கெட்ட பழக்கம் உண்டு." ஜெஸ்லினின் முகத்தில் பழைய சலிப்பொன்று வந்து போனது. "பிளேயர்ல ஒரு சிடி ஓடி முடியும். அடுத்ததுக்கு வேற உறையத் திறப்பாரு. கைல திறந்திருக்கற அந்த உறையிலயே முடிஞ்ச சிடியப் போட்டு மூடிடுவாரு. முடிஞ்சதோட சொந்த உறையத் தேடவே மாட்டாரு. எதத் திறந்தாலும் உள்ள வேற ஒண்ணுதான் இருக்கும். எது எதுக்குள்ள இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன்."

"பிளேயர்?"

"அது மட்டும் தப்பிச்சுது. சின்னது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருந்தாரு. போன வெள்ளிக்கிழமை போறப்ப அதையும் பைல போட்டுட்டுப் போயிட்டாரு." அவள் சுவரில் மாட்டியிருந்த தாயின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா வாங்கிக் கொடுத்தது. அம்மா பேரு லின்சி. அவங்களுக்கு ஜாஸ்னா என்னன்னே தெரியாது. ஒரு ஆடித் தள்ளுபடில பிளேயரையும் ஒரு சிடியையும் சேர்த்து வாங்கிட்டு வந்தாங்க. ஊதா அட்டை. ஒரு ஆளு டிரம்பெட் வாய்க்கு முன்னால தொப்பியப் பிடிச்சுக்கிட்டு ஊதற படம். 'உங்கள மாதிரியே இருந்துது, வாங்கினேன்'னாங்களாம். அதுதான் முதல் சிடி."

வெளியே வரும்போது ஆனந்தவள்ளி ஒரு கணம் நின்றார். கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே கருநீல ரிப்பன்கள் காற்றில் ஆடின.

தெருவுக்கு வந்ததும் டோனியின் குரல் தணிந்தது. "மேடம், காவிரில இன்னும் தண்ணி நிறையப் போகுது. எனக்கென்னமோ பயமா இருக்கு."

"சாகப் போறவர் பிளேயரத் தூக்கிட்டுப் போவாரா?"

"மாத்திரைய விட்டுட்டுப் போயிருக்காரே."

"அதுதான் எனக்கும் கவலை. மாத்திரைய மறந்தவர் பிளேயர மறக்கல. ஆனா போட்டுக் கேக்க சிடி ஒண்ணும் வீட்டுல இல்ல. அப்ப சிடி எங்க இருக்கோ அங்கதான் போயிருக்கார். வண்டிய எடு."

"இந்த ஊர்ல ஜாஸ் வாங்கறவங்க ரெண்டு பேர் இருந்தா அதிகம் மேடம். அதுல ஒருத்தர் காணாமப் போயிட்டாரு. மிச்சம் இருக்கறவர்தான் குற்றவாளி. கேஸ் முடிஞ்சுது."

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர், பொறியியல் வழிகாட்டிகளுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். துவாக்குடி மாணவர்கள் விற்றதும் வாங்கியதுமாக அங்கே வேறெதற்கும் இடமில்லை.

"ஜாஸா? போன வெள்ளிக்கிழமைகூட ஒரு பெரியவர் வந்து இதையேதான் கேட்டாரு. ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபத்துல கிலோ புத்தகக் கண்காட்சி போட்டிருக்காங்க, அங்க பாருங்கன்னு அனுப்பிச்சேன். சீக்கிரம் போங்க. இன்னையோட முடியுது."

காவிரிப் பாலத்தின் நடுவில் ஆனந்தவள்ளியின் கைப்பேசி ஒலித்தது. காவல் நிலையத்திலிருந்து. கொள்ளிடக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறதாம். டோனி கேட்காமலேயே வண்டியை ஓரம் கட்டினான். கீழே, மண்ணின் நிறத்தில், நீர் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனந்தவள்ளி இறங்கிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரருகே போய் நின்றார்.

"வயசு என்ன இருக்கும்னு சொல்றாங்க?" என்று கைப்பேசியில் கேட்டார். பதில் வந்தது. "முப்பதா? சரிங்க. அவர் இல்ல."

டோனி சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். அந்த முப்பது வயதுக்காரனை எந்த வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்களோ என்ற எண்ணம், அம்மா மண்டபம் சாலை முடியும்வரை ஆனந்தவள்ளியை விடவில்லை.

ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. ஆகவே மண்டபங்களெல்லாம் தள்ளுபடிக்காரர்களின் கைக்கு வந்துவிடுகின்றன. ஆவணி மறுநாள் பிறக்கிறது. முகூர்த்தக்காரர்கள் வருவதற்குள் மண்டபத்தைக் காலி செய்தாகவேண்டும் என்பதால், வாசலில் ஒரு லாரி காத்து நின்றது. உள்ளே, மணமக்கள் அமரும் மேடையில் கலைக்களஞ்சியத் தொகுதிகள் வரிசையாக வீற்றிருந்தன. மொய் எழுதும் மேசையில் மின்னணுத் தராசு. அதன் பின்னால், தலையில் முக்காடும் காதில் கைப்பேசியுமாக, கண்காட்சியின் உரிமையாளர் நஜ்முன்னிசா.

"மொய் எழுதற இடத்துல எடை போடறாங்க மேடம்," டோனி முணுமுணுத்தான். "பணம் வச்சவங்களக் கையோட நிறுத்துப் பாத்து அனுப்பிடலாம். நல்ல ஏற்பாடு."

ஆனந்தவள்ளி தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஜாஸ் குறுந்தகடுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். நஜ்முன்னிசா கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"பழசு எடைக்குப் போட்டவங்க யாருன்னு வெளில சொல்றதில்லம்மா. எங்க தொழில் அப்படி. மருமக போடுவா, மாமியா தேடிட்டு வருவாங்க. புருஷன் போடுவாரு, பொண்டாட்டி வந்து அழுவாங்க. வாயத் திறந்தேன்னா பாதிக் குடும்பம் இந்த மண்டபத்துலயே அடிச்சுக்கும். வேற எது வேணா கேளுங்க, சொல்றேன்."

"சரி. யார் வாங்கினாங்கன்னு சொல்லலாமா?"

"அது சொல்லலாம்," என்று சிரித்தாள் அவள். "அந்தா, அந்தக் கடைசி மேசைதான். பாருங்க."

கடைசி மேசையில் எஞ்சியவை ஒரு சிறு குவியல். ஒவ்வோர் உறையின் முதுகிலும் ரம்பத்தால் இழுத்த ஒரு சிறு வெட்டு இருந்தது. டோனி அதை விரலால் தடவிப் பார்த்தான். "திருடன் கடிச்சிருக்கானா?"

"இல்லங்க. வெளிநாட்டுல விக்காம நின்னுட்டா, அந்தக் கம்பெனிக்காரங்களே வெட்டுப் போட்டுத் தள்ளுபடிக்குத் தள்ளிடுவாங்க. புஸ்தகத்துக்கு வெட்டு கிடையாது. பக்க ஓரத்துல கறுப்பு மையால ஒரு கோடு இழுப்பாங்க. மறுபடி முழு விலைக்கு விக்கக் கூடாதில்ல? இந்த சிடிய யார் சேர்த்தாங்களோ, ஒவ்வொண்ணையும் எங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் பொறுக்கியிருக்காங்க."

இன்னும் பிரிக்கப்படாத ஒரு கட்டு மேசைக்கடியில் கிடந்தது. கருநீல ரிப்பனால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே பூப்போல முடிச்சிட்டிருந்தது. ஆனந்தவள்ளி அந்த முடிச்சைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு மெல்ல அவிழ்த்து, ரிப்பனைச் சுருட்டித் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரிப்பன் வச்சுக் கட்டியிருக்கான்," என்றான் டோனி. "பூ வைக்கத்தான் மறந்துட்டான்."

ஆனந்தவள்ளி அந்தக் கட்டுக்குள் இருந்த உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். அட்டையில் பியானோ, உள்ளே வேறொருவருடைய சாக்ஸபோன். அட்டையில் சாக்ஸபோன், உள்ளே யாரோ ஒரு பாடகி.

"அதாம்மா எனக்குத் தலைவலி," என்று அருகில் வந்தாள் நஜ்முன்னிசா. "வாங்கினவங்கல்லாம் திருப்பிக் கொண்டாந்து சண்டை போடறாங்க. ஒரே ஒரு பெரியவர்தான் சண்டை போடல. போன வெள்ளிக்கிழமை வந்தாரு. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், ஒரு பச்சை உறைய எடுத்தாரு. 'உள்ள வேற இருக்கும் பெரியவரே'ன்னேன். 'தெரியும்மா, இதுல ரெண்டு பேர் பியானோ வாசிக்கிறது இருக்கும்'னாரு. திறந்து பார்த்தா அதேதான்! அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்தாரு. திறக்காமலேயே உள்ள என்ன இருக்குன்னு சொன்னாரு. ஒண்ணு கூடத் தப்பல. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஜின்னு கின்னு எதையாச்சும் வசப்படுத்தி வச்சிருக்காரோன்னு நினைச்சேன்."

டோனி ஓர் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உறைக்குள்ள என்ன இருக்குன்னு திறக்காம சொல்லணும்னா," என்றார் ஆனந்தவள்ளி, "ஒண்ணு ஜின்னு சொல்லணும். இல்லேன்னா உள்ள போட்டவர் சொல்லணும். டோனி, அவர் உயிரோட இருக்கார். தன்னோட சிடியையே ஒவ்வொண்ணா விலை கொடுத்து வாங்கிட்டிருக்கார்." அவர் நஜ்முன்னிசாவிடம் திரும்பினார். "அப்புறம் வந்தாரா?"

"தினமும் வர்றாரு. எங்கயோ பக்கத்துல லாட்ஜ்ல தங்கியிருக்காரு போல. ஆனா முன்ன மாதிரி இல்லம்மா. நேத்து படியேறவே மூச்சு வாங்குச்சு. ஊதா அட்டை ஒண்ணு, தொப்பி வச்ச ஆளு படம் போட்டது, அத மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் அப்படி ஒண்ணு பார்த்த ஞாபகமே இல்ல. மூட்டை கட்டறதுக்குள்ள இன்னைக்குக் கடைசியா ஒரு தடவை வரேன்னாரு."

ஆனந்தவள்ளி சட்டென்று கேட்டார்: "காலி உறை ஏதாவது வந்துதா?"

"வந்திருக்கும். உள்ள ஒண்ணும் இல்லாதத எவன் வாங்குவான்? அதெல்லாம் குப்பைக்கு."

மண்டபத்தின் பின்புறம், சமையற்கூடத்தின் ஓரத்தில், குப்பைக்கென்று ஓர் அட்டைப்பெட்டி. டோனி மூக்கைப் பொத்திக்கொண்டு கையை விட்டான். கிழிந்த அட்டைகள், உடைந்த மூடிகள். அடியில் ஊதா நிறத்தில் ஒன்று. டிரம்பெட்டின் வாய்க்கு முன்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கண்மூடி ஊதுகிற மனிதர். திறந்தான். உள்ளே வெறுமை.

"குப்பைல இருக்கும்னு எப்படி மேடம்?"

"முதல் சிடி பிளேயருக்குள்ள போனப்போ, பிளேயர்ல வேற ஒண்ணும் இல்ல. அதனால அதோட உறைக்குள்ள போட அவர் கைல எதுவும் இல்ல. ரெண்டாவது உறையத் திறந்தப்போ, முதல் சிடி அதுக்குள்ள போயிடுச்சு. மூணாவதத் திறந்தப்போ, ரெண்டாவது அதுக்குள்ள. அதுக்கப்புறம் இந்த உறைய அவர் திறக்கவே வேண்டியதில்ல. உள்ளதான் ஒண்ணும் இல்லையே. அவரோட பழக்கத்துல எல்லாம் இடம் மாறும். இது மட்டும் கடைசிவரை காலியாவே நிக்கும்."

"மியூசிக்கல் சேர்ல ஆளு குறைச்சலா, சேரு அதிகமா வச்ச மாதிரி," என்றான் டோனி. பிறகு உறையைப் பார்த்தபடியே, கேலி இல்லாத குரலில், "அந்தம்மா வாங்கிக் கொடுத்தது" என்றான்.

அந்த உறையைத் துடைத்துக் குவியலின் உச்சியில் வைத்தார்கள். பிறகு ஆனந்தவள்ளி ஜெஸ்லினைக் கைப்பேசியில் அழைத்து, மாத்திரைகளை எடுத்துக்கொண்டு உடனே ஸ்ரீரங்கத்துக்கு வரும்படி சொன்னார். எங்கே என்று மண்டபத்தின் பெயரையும் சொன்னார். "எந்த மண்டபம்?" என்று ஜெஸ்லின் மறுபடியும் கேட்டாள். ஆனந்தவள்ளி அதே நிதானத்தோடு மறுபடியும் சொன்னார்.

"வர்றவங்கள்ல அவர எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றான் டோனி. "போட்டோல இருக்கற ஆளு சவரம் பண்ணி, தொப்பை வச்சிருக்காரு. ஒரு வாரத்துல ரெண்டும் மாறியிருக்கும்."

"முகத்தப் பார்க்காத. கையப் பாரு. மத்தவங்க திறந்து பார்த்துட்டு வச்சிடுவாங்க. அவர் திறக்க மாட்டார்."

ஆடிக் கடைசி வெள்ளி. கோயிலுக்கு வந்த கூட்டத்தில் ஒரு பகுதி மண்டபத்துக்குள்ளும் புகுந்தது. ஒரு கல்லூரிப் பெண் ஊதா உறையை எடுத்தாள், திறந்தாள், உதட்டைப் பிதுக்கி வைத்துவிட்டாள். நெற்றி நிறையத் திருமண் இட்ட பெரியவர் ஒருவர், பாசுரத் தகடு தேடியவர், அதையும் எடுத்துத் திறந்து பார்த்துவிட்டுத் தராசை நோக்கிக் குரல் கொடுத்தார்: "ஏம்மா, ரூபம் மட்டும் இருக்கு, ஆத்மாவக் காணலையே! வெறும் டப்பாவையா விக்கறேள்?"

"ஆத்மா ஸ்டாக் இல்லீங்க சாமி, வந்தா சொல்றோம்," என்றான் டோனி, புத்தக அடுக்குக்குப் பின்னாலிருந்து.

பொழுது சாயத் தொடங்கியது. லாரியில் பெட்டிகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆனந்தவள்ளி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். மாத்திரையில்லாமல் இன்னொரு நாள் கழிவதை அவர் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

அப்போது ஒருவர் வந்தார். கன்னத்தில் வெள்ளை முள்முடி; சட்டை தோளில் தொளதொளத்தது. கையிலிருந்த மஞ்சள் துணிப்பை கனமாகச் சதுரம் சதுரமாகப் புடைத்திருந்தது. மேசையின் விளிம்பைப் பற்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு குவியலைப் பார்த்தார். கை நீண்டது. ஊதா உறையை எடுத்துச் சட்டை நுனியால் இரு பக்கமும் துடைத்தார். திறக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தராசை நோக்கித் திரும்பினார்.

ஆனந்தவள்ளி எதிரே போய் நின்றார். "உள்ள சிடி இருக்கான்னு பார்க்கலையே சார்?"

"இருக்காதும்மா."

"அப்ப சிடி எங்க இருக்கு?"

அவர் துணிப்பையைத் தட்டிக் காட்டினார். "இதோ, பிளேயருக்குள்ள. நேத்து ஒரு மஞ்சள் உறைல கிடைச்சுது."

"தைரியராஜ் சார்," என்றார் ஆனந்தவள்ளி மெதுவாக.

பெயரைக் கேட்டதும் அவர் கண்கள் வாசலைத் தேடின. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. டோனி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான். புத்தக அடுக்குக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், அவர் உட்கார்ந்தார்.

"என் மக அனுப்பிச்சாளா?"

"உங்களக் காணோம்னு ராப்பகலா அழறாங்க. ஏன் சார் போனீங்க?"

ஒரு வாரத்தில் முதன்முறையாக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். தைரியராஜ் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் செருப்பொலி கேட்டது. மாத்திரைப் பையும் கலைந்த தலையுமாக ஜெஸ்லின் ஓடி வந்து, கூட்டத்தில் முகங்களைத் தேடினாள்.

தராசுக்குப் பின்னாலிருந்த நஜ்முன்னிசா நிமிர்ந்தாள். வாடிக்கையாளரைக் கண்ட மகிழ்ச்சி அவள் தொழிலின் கட்டுப்பாட்டை முந்திக்கொண்டது.

"அடடே, வாங்கம்மா வாங்க! எடைக்குப் போட இன்னும் மிச்சம் இருக்கா? அன்னைக்கு வெயில்ல ஸ்கூட்டில நடை நடையா கொண்டாந்தீங்களே, பாவம். அந்த சிடியெல்லாம் நல்லா போச்சும்மா!"

ஜெஸ்லின் ஓரடி பின்வாங்கினாள். "யாரு... நானா? இல்லங்க. நான் இங்க வந்ததே இல்ல."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ரிப்பன் போட்டு அழகாக் கட்டிக்கூட..." நஜ்முன்னிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திருடன் அங்கே நின்றான். இவ்வளவு நாளும் அவனுக்கு முகமில்லாமல் இருந்தது. டோனி ஆனந்தவள்ளியைத் திரும்பிப் பார்த்தான். அவர் கைப்பைக்குள் இருந்த ரிப்பனை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

நாற்காலி தரையில் உரசும் ஓசை கேட்டது. தைரியராஜ் எழுந்து, புத்தக அடுக்கைப் பற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"அவ வந்தாம்மா," என்றார் நஜ்முன்னிசாவிடம். "நான்தான் அனுப்பிச்சேன். வீட்ட அடைச்சுக்கிட்டு இருக்கு, எடைக்குப் போட்டுடுன்னு நான்தான் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இல்ல போல."

பொய். அந்த நாளில் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூக்கில் குழாயோடு, நினைவின்றிக் கிடந்தார். அங்கே நின்ற ஐவரில் நால்வருக்கு அது தெரியும். ஐந்தாமவளான நஜ்முன்னிசாவும், உள்ளிருப்பதைத் திறக்காமலே சொன்ன மனிதர் யார் என்பதை அந்தக் கணத்தில் புரிந்துகொண்டாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

"அப்பா..." ஜெஸ்லின் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளால் மாத்திரையைப் பிதுக்கி எடுக்க முடியவில்லை. டோனி அட்டையை வாங்கிப் பிதுக்கிக் கொடுத்தான். நஜ்முன்னிசா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். தைரியராஜ் விழுங்கினார்.

"கட்டில் போட இடம் இல்லப்பா," ஜெஸ்லினின் சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. "நீங்க பொழைச்சு வருவீங்களான்னே தெரியல அப்ப. வந்தா படுக்க இடம் வேணும்னு... அப்புறம் நீங்க வந்து சுவரப் பார்த்து நின்னீங்களே, அந்த முகத்தப் பார்த்துட்டு எனக்குச் சொல்ல வாய் வரல. திருடன்னு வந்துடுச்சு."

அவள் பாட்டிலில் தண்ணீர் நிரப்பப் போன நேரத்தில், தைரியராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு கருநீல ரிப்பனை எடுத்து ஆனந்தவள்ளியிடம் காட்டினார்.

"முதல் நாளே இதப் பார்த்துட்டேன்மா. என் பேத்தி ரிப்பன். பள்ளிக்கூடம் திறந்தப்ப நான்தான் வாங்கிக் கொடுத்தேன். திருடன் வந்தான்னு சொன்னா, நம்பினேன். இல்லாத திருடனுக்குப் பயந்து ராத்திரியெல்லாம் கதவ இழுத்து இழுத்துப் பார்த்தேன். சாமானத் தேடிக் கொண்டாந்துட்டா அவளும் நிம்மதியாத் தூங்குவாளேன்னுதான் கிளம்பினேன். மத்தியானம் திரும்பிடலாம்னு மாத்திரைகூட எடுத்துக்கல. வந்த இடத்துல இந்த முடிச்சப் பார்த்தேன். அப்புறம் எப்படிம்மா வீட்டுக்குப் போவேன்? எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அவ எப்படி என் முன்னால தலை நிமிர்ந்து நிப்பா?"

ஆனந்தவள்ளி தம் கைப்பையைத் திறந்தார். சுருட்டி வைத்திருந்த ரிப்பனை எடுத்து அவர் உள்ளங்கையில், அதன் இணையின் மேல் வைத்தார். காப்பீட்டுக் காலந்தொட்டு, கைக்கு வந்த சான்று ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தது அதுவே முதல் முறை.

ஜெஸ்லின் திரும்பி வந்தாள். "வீட்டுக்குப் போலாம்ப்பா. கட்டிலத் தூக்கி வெளில போட்டுடறேன்."

"கட்டில் இருக்கட்டும்." அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார், பக்கத்தில் நின்றதால் ஆனந்தவள்ளியின் காதிலும் அது விழுந்தது. "அந்தத் திருடன் இனிமே வரமாட்டான்னு சொல்லும்மா. வந்துடறேன்."

ஜெஸ்லின் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு, "வரமாட்டான்ப்பா" என்றாள்.

தைரியராஜ் துணிப்பையிலிருந்து பிளேயரை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியைத் திறந்து தகட்டை விளிம்பில் பிடித்து எடுத்தார். அடுத்த உறைக்கு அவர் கை போகவில்லை. ஊதா உறையைத் திறந்து, தகட்டை அதன் சொந்த இடத்தில் வைத்து அழுத்தினார். 'டிக்' என்று அது பொருந்தியது. டோனி வாசலில் நின்ற லாரியைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதைப் படிக்கிறவரே, புத்தகத்தை இங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டிலும் இடத்தை அடைத்துக்கொண்டு ஒருவருடைய அலமாரி நிற்கிறது. அதிலிருந்து ஏதேனும் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்கு உடையவர் எதிரில் போய் உட்காருங்கள். இது உங்களிடம் எப்படி வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள். எடைக்காரரை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள், அப்போதும் உங்களுக்குக் கூப்பிடத் தோன்றினால்.